பெரியவர்களுக்குப் பாடம் சொல்கிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

எழுத்தறிவுத் திட்டத்தில் பாடம் நடத்தும் தன்னார்வலர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப்புமாக நிறையவே வந்துவிட்டன. பாதிக்கு மேல் 'பதிவேட்டை எப்படி நிரப்புவது' என்ற ரகம். அதற்கெல்லாம் வட்டார வள மையத்திலேயே பதில் கிடைக்கும். வகுப்புக்குள் நடப்பதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி ஒரு வரி: புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. தொண்ணூறுகளில் நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் தெருவிளக்கடியில் பாடம் சொல்லத் தொடங்கியவள். அப்புறம், புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கான வளர்கல்வி மையத்தில் ஊக்குநர். இப்போது புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

கேள்வி: அக்கா, எனக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்துக் கையேடும் தந்தார்கள். எங்கள் தெருவில் இருபது பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் வாரம் கூட்டம் நிரம்பி வழிந்தது. இப்போது ஆறு பேர்தான். வருகிறவர்களும் 'எங்களுக்கு இனிமே எங்கடி ஏறப்போகுது' என்கிறார்கள். நான் எம்.எஸ்சி. படிக்கிறேன். புரியும்படிதான் நடத்துகிறேன். எங்கே பிசகுகிறது? (கல்லூரி மாணவி, கறம்பக்குடி பக்கம்)

புரியும்படி நடத்துகிறாய் தங்கச்சி, நம்புகிறேன். அவர்களுடைய கண்ணைக் கவனித்தாயா?

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியபோது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களைத்தான் குறிவைத்தது. நாங்கள் பாடம் சொன்ன பெண்கள் அநேகமாக எங்கள் வயது, இல்லையென்றால் ஐந்தாறு வயது கூட. இப்போது நடக்கிற புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு, அதுதான் உல்லாஸ் என்கிறார்களே, அதற்கு 15 வயதுக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம், மேல்வரம்பே கிடையாது. உன் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பது, அறுபது. அத்தனை பேருக்கும் வெள்ளெழுத்து வந்திருக்கும். தூரத்தில் வருகிற பஸ் தெரியும். மடியில் வைத்திருக்கும் புத்தகம் தெரியாது. கரும்பலகையில் நீ எழுதும்போது பளிச்சென்று சொன்னவர் புத்தகத்தைக் கொடுத்ததும் திணறினால், மறந்துவிட்டார் என்று நினைக்காதே. ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிப் பார். கையை நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்துக் கண்ணைச் சுருக்கினால் முடிந்தது கதை. அவருக்கு முதலில் வேண்டியது கண்ணாடி. அரிச்சுவடி அப்புறம்.

அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது தாண்டிய 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். கொடுக்காதவர்களைவிட அவர்கள் பறித்த இலை ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியது. இலை பறிக்கவே அப்படியென்றால் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் எத்தனை சுழி என்று பார்ப்பதற்கு? உன் ஊருக்கு மிக அருகில் எப்போது கண் சிகிச்சை முகாம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேள். வகுப்பையே அன்றைக்கு அங்கே கூட்டிக்கொண்டு போ. பதிவேட்டில் வருகை போடலாமா என்று கேட்காதே, போடு.

இரண்டாவது, நேரம். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து, உலை வைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி முடிக்கும்போது ஏழரை ஆகிவிடும். அப்போது சீரியல். சீரியலோடு மட்டும் மல்லுக்கட்டாதே, தோற்றுவிடுவாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் இருபது நிமிடம், அல்லது விடிகாலையில் பால் ஊற்றிவிட்டு வருகிற நேரம், எது தோது என்று அவர்களையே கேள். பேச்சிலும் கவனம் வை. தெருவில் 'அத்தை, அப்பத்தா' என்று கூப்பிடுகிறாய், பலகை முன்னால் நின்றதும் 'நீங்க எழுந்து வாசிங்க' என்கிறாய். அந்த 'எழுந்து'தான் அவர்களை வீட்டிலேயே இருத்திவிடுகிறது. ஐம்பது வயதுப் பெண்ணை எழுந்து நிற்க வைத்தால் மறுநாள் அவருக்கு முட்டிவலி வரத்தான் செய்யும்.

கேள்வி: வட்டாரத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். கிடைப்பது ஒரே நாள். திட்டத்தின் நோக்கங்கள், ஐந்து கூறுகள், செயலி, மதிப்பீடு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். எப்படிச் சமாளிப்பது? (ஆசிரியப் பயிற்றுநர், விழுப்புரம் மாவட்டம்)

நோக்கங்களை ஒரு தாளில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள்வார்கள். ஐந்தாண்டில் ஐந்து கோடிப் பேர், 1037.90 கோடி ரூபாய் என்பதெல்லாம் மாலையில் சாந்தி அக்காவுக்கும் முருகாயி அப்பத்தாவுக்கும் பாடம் நடத்தப் போகிறவருக்கு எந்த விதத்திலும் உதவாது.

நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். வந்தவர்கள் உட்கார்ந்ததும் வணக்கம் சொல்லிவிட்டு, பலகையில் தெலுங்கில் ஐந்து எழுத்து எழுதுவேன். விளக்கமே கிடையாது. ஒரு தரம் வாசித்துக் காட்டுவேன், இரண்டாம் தரம் சேர்ந்து சொல்லச் சொல்வேன், மூன்றாவது, 'எங்கே, நீங்க சொல்லுங்க' என்று ஒருவரைக் கை காட்டுவேன். பட்டதாரிப் பெண், பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவள், திருதிருவென்று முழிப்பாள். பக்கத்திலிருப்பவள் காதில் ஓதுவாள். 'யாரும் சொல்லித்தராதீங்க' என்று அதட்டுவேன். பின்வரிசையில் சிரிப்பு கேட்கும். அடுத்து நோட்டை எடுத்து அந்த எழுத்துகளை இடது கையால் எழுதச் சொல்வேன். அஞ்சு நிமிடத்தில் ஒவ்வொருவரும் பேனாவை எப்படி நெரித்துப் பிடிக்கிறார்கள், நாக்கை எப்படிக் கடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே. ஒருவர் எழுதியதைத் தூக்கிக் காட்டி 'இது என்ன, கோழி கிளறியதா' என்று கேட்பேன். முகம் செத்துவிடும்.

அங்கே நிறுத்தி, 'இப்போ எப்படி இருக்கு' என்று கேட்பேன். வெட்கமாக இருந்தது, கோபம் வந்தது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது, சிரித்தவளை அறையலாம் போல இருந்தது என்று வரிசையாக வரும். எல்லாவற்றையும் பலகையில் எழுதுவேன். பிறகு அடுத்த கேள்வி: நான் என்ன செய்திருந்தால் உங்களுக்கு வந்திருக்கும்? அவர்களே சொல்வார்கள். ஐந்து எழுத்துக்குப் பதில் இரண்டு. தெரிந்த ஒரு பொருளின் பெயரோடு. தனியாகக் கேட்காமல் ஜோடியாக. கை காட்டாமல், தானாக வருகிறவரை வரவிட்டு. தப்பைத் தூக்கிக் காட்டாமல். பயிற்சிக் கையேட்டின் பாதி அந்தப் பலகையில் வந்துவிடும். உங்கள் கிண்டலுக்கு ஆளானவரிடம் மன்னிப்புக் கேட்டு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள், அது முக்கியம்.

மதியத்துக்கு மேல் ஒரே வேலை: ஜோடி ஜோடியாகப் பத்து நிமிடப் பாடம் நடத்திப் பார்ப்பது. கேட்பவர்களாக உண்மையிலேயே எழுதப் படிக்கத் தெரியாத நாலு பேரை ஊரிலிருந்து கூட்டி வந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லை என்று மேலிடத்தில் சொன்னால், மதியச் சாப்பாட்டு மெனுவில் இனிப்பைக் குறையுங்கள்.

கேள்வி: அ, ஆ என்றுதானே தொடங்க வேண்டும்? எங்கள் பயிற்சியில் 'ட, ப, ம' என்று தொடங்கச் சொல்கிறார்கள். முறை மாறினால் அடிப்படை ஆடிவிடாதா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்)

ஐயா, நெடுங்கணக்கின் வரிசை அழகானதுதான், இலக்கணம் படிக்க அதுதான் வேண்டும். ஆனால் 'அ'வை எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு குறுக்குக் கோடு, ஓர் இறக்கம். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கு முதல் நாளே இது என்றால் பென்சில் முனை உடையும், தாள் கிழியும். 'ட' இரண்டு நேர்கோடு. 'ப' மூன்று. அதிலிருந்து 'ம', 'ய' என்று கை பழகப் பழக வளைவுக்குப் போகலாம்.

இன்னொரு லாபமும் உண்டு. ட, ப, ம மூன்றும் மெய்ப்புள்ளியும் தெரிந்த அன்றைக்கே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசித்துவிடலாம். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாமா, டப்பா, பட்டா. 'பட்டா' என்ற சொல்லைப் பலகையில் எழுதினால் வகுப்பு அரை மணி நேரம் பேசும். யார் பேரில் இருக்கிறது, கணவன் பேரிலா மாமனார் பேரிலா, கூட்டுப் பட்டாவைப் பிரிக்க எத்தனை நடை. அந்தப் பேச்சு அடங்கும்போது சொல் மனசில் ஏறியிருக்கும். பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே என்ற கல்வியாளர் 1963இல் ஆங்கிகோஸ் என்ற ஊரில் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுத்தர முயன்றதும் இந்த வழியில்தான். முதலில் ஊர் மக்கள் வாயில் புழங்கும் சொற்களைச் சேகரித்தார்கள். அவற்றில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, படம் காட்டிப் பேசவிட்டு, பிறகுதான் அசை பிரித்தார்கள். நம் மொழியில் ட, டா, டி, டீ என்று எழுத்தே அசையாக நிற்பதால் இந்த வழி இன்னும் லேசாகப் பொருந்துகிறது. மறு வருடமே ராணுவ ஆட்சி வந்து அவரைச் சிறையில் போட்டது வேறு கதை.

நெடுங்கணக்கின் வரிசை வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாம் மாதம் ஒரு பாட்டாகச் சொல்லிக்கொடுங்கள். உங்கள் மனமும் ஆறும்.

வரிசையைவிட நான் பயப்படுவது கொம்புக்கும் காலுக்கும்தான். எங்கள் மையத்தில் ஒருவர் 'கொடு' என்பதை 'கெரடு' என்று வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள். உற்றுப் பார்த்தால் அவர் கண்ணுக்குத் தெரிந்ததை ஒழுங்காக வாசித்திருக்கிறார்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் நிற்பது 'ர' போலவே இருக்கிறது. ஒலியில் கடைசியில் வருவதை எழுத்தில் பாதி முன்னாலும் பாதி பின்னாலும் வைத்திருக்கிறோம், அதை ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. இப்போது கொ, கோ வரும்போது மூன்று துண்டு அட்டையாக வெட்டி, க-வை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கையால் நகர்த்திச் சேர்க்கச் சொல்கிறேன்.

கேள்வி: என் வகுப்பில் 65 வயது பெரியவர் ஒருவர் 'லை, னை' எழுத்துகளை விசித்திரமாகத் தலைக்கு மேல் சுழித்து எழுதுகிறார். எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார். (தன்னார்வலர், திண்டுக்கல்)

தம்பி, அது தப்பில்லை, அந்தக் காலத்து எழுத்து. ணை, லை, ளை, னை நான்கையும் தும்பிக்கை போல மேலே வளைத்துத்தான் முன்பு எழுதினார்கள். ணா, றா, னா முதலியவையும் வேறு வடிவத்தில் இருந்தன. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 1978இல் அரசாணை வந்த பிறகே இப்போதைய வடிவம். உங்கள் பெரியவர் இரண்டாவதோ மூன்றாவதோ படித்துவிட்டு மாடு மேய்க்கப் போனவராக இருப்பார். அந்தப் படிப்பில் கையில் மிஞ்சியது அந்த நாலு எழுத்து. அதைப் போய்ச் சிவப்பு மையில் அடிக்கிறீர்கள்.

அவரையே பலகைக்கு அழைத்துப் பழைய வடிவத்தை எல்லாருக்கும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் 'இப்போ அச்சில் இப்படி வருது ஐயா' என்று பக்கத்தில் எழுதுங்கள். வாசிக்கப் புதியது தெரிந்தால் போதும். எழுதுவது அவர் இஷ்டம்.

கேள்வி: வாய்க்கணக்கில் புலி, தாளில் பூச்சியம். பூ விற்கும் பெண்களுக்கு எண் பாடம் எப்படி நடத்துவது? (தன்னார்வலர், மதுரை)

உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அவர்களுக்குக் கணக்கு வரும். கணக்கை எழுதத்தான் வராது.

பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்களிடம் மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போல் போய்ப் பொருள் வாங்கிக் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி. அதே கணக்கைத் தாளில் எழுதி அதே பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். நூற்றுக்கு முப்பத்தேழுதான் சரி. 1985இல் வெளியான ஆய்வு. பத்து இளநீர் என்ன விலை, ஒன்று 35 என்றதற்கு ஒரு பையன் மூன்று 105, இன்னும் மூன்று 210, இன்னும் மூன்று 315, இன்னொன்று சேர்த்து 350 என்று போயிருக்கிறான். பள்ளியில் என்றால் பத்தால் பெருக்கப் பூச்சியத்தைச் சேர் என்போம்.

மதுரைப் பூக்காரம்மாவைக் கேளுங்கள். முழம் முப்பது ரூபாய், ஏழு முழம் எவ்வளவு? 'மூணு தொண்ணூறு, ஆறு நூத்தியெண்பது, ஒண்ணு சேத்தா எரநூத்திப் பத்து.' அவர் சொல்வதைச் சொல்லச் சொல்ல, சொன்ன அதே வரிசையில் பலகையில் எழுதுங்கள். 90, 180, 210. தன் மனசுக்குள் ஓடியது வெளியே எண்ணாக நிற்பதை அவர் பார்க்கட்டும். பெருக்கல் வாய்பாடு பிறகு வரும்.

ஒரு இடத்தில் எல்லாருக்கும் இடறும். நூற்று ஐந்து என்று சொன்னால் 1005 என்று எழுதுவார்கள். காதில் விழுந்தபடி நூறு எழுதி ஐந்து எழுதுகிறார்கள், நியாயம்தானே. 100 என்று ஒரு நீளச் சீட்டு, 5 என்று ஒரு குட்டிச் சீட்டு வெட்டிக்கொள்ளுங்கள். குட்டிச் சீட்டை நீளச் சீட்டின் கடைசிப் பூச்சியத்தின் மேல் வைத்து மூடுங்கள். 105. அப்படியே 100, 40, 5 என்று மூன்று சீட்டு. பழைய காலண்டர் அட்டை போதும். இதைச் செய்த அன்றைக்கு வகுப்பில் ஒரு சத்தம் வரும் பாருங்கள்.

கேள்வி: சம்பளம் இல்லாத வேலைக்கு எதற்கு இத்தனை பயிற்சி? (பெயர் வேண்டாம் என்றவர்)

கோபம் நியாயம். தன்னார்வம் என்று பெயர் வைத்துவிட்டுச் சாக்பீஸையும் நாமே வாங்க வேண்டும் என்பது எனக்கும் உடன்பாடில்லை. போக்குவரத்துச் செலவாவது கொடுக்க வேண்டும் என்று கிடைக்கிற மேடையில் எல்லாம் சொல்கிறேன். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் தங்கச்சிகள் எப்படியோ வந்து சேர்கிறார்கள், தம்பிகள் கைக்காசு போடுகிறார்கள். ஆனால் சம்பளம் இல்லை என்பதற்காகத் தெரியாமல் நடத்தினால் நட்டம் நமக்கில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் 'எனக்கு ஏறாது' என்று இரண்டாம் தடவையும் முடிவு கட்டிவிடுவார்.

கேள்வி: நான் பத்தாவதுதான். பாடம் நடத்தலாமா?

தாராளமாக. அறிவொளியில் பாடம் சொன்னவர்களில் எட்டாவது, பத்தாவது படித்த பெண்கள் ஏராளம்.

கேள்வி: எண்பது வயதுப் பாட்டிக்குப் படிப்பு ஏறுமா?

கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். பாட்டியிடம் இதைச் சொல்லாதீர்கள், போட்டிக்கு வந்துவிடுவார். கண்ணாடி மட்டும் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஆண்களே வருவதில்லை. (தன்னார்வலர், சிவகங்கை)

பெண்கள் இருக்கும் வகுப்பில், அதிலும் தன் மனைவி இருக்கும் வகுப்பில், தனக்குத் தெரியாது என்று எந்த ஆம்பளையும் உட்கார மாட்டார். வேறு இடம், வேறு நேரம். டீக்கடை பெஞ்சு, ஊர்ச் சாவடி. எழுத்து என்ற பேச்சையே எடுக்காமல் போனிலிருந்து தொடங்குங்கள். பேங்கிலிருந்து வந்த செய்தியை யாரிடமும் காட்டாமல் தானே பார்ப்பது எப்படி? போனை நீட்டி உதவி கேட்டுப் பணத்தைப் பறிகொடுத்த கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு, அதைச் சொன்னாலே நாலு பேர் கிட்ட வருவார்கள். எங்கள் மாவட்டத்தில் 1991இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது அறிவொளியோடு சைக்கிளையும் சேர்த்தார்கள். எழுத்துக்கு வராத பெண்கள் சைக்கிளுக்கு வந்தார்கள், சைக்கிளுக்கு வந்தவர்கள் எழுத்துக்கும் உட்கார்ந்தார்கள்.

கேள்வி: தேர்வு நெருங்குகிறது. மாதிரி வினாத்தாளை மட்டும் நடத்தி முடித்துவிடச் சொல்கிறார்கள். மனசு ஒப்பவில்லை. (தன்னார்வலர், தருமபுரி)

ஒப்புக்கொள்ளுங்கள், கொஞ்சம். 150 மதிப்பெண் தாள். வாசிப்பு, எழுத்து, எண் மூன்றுக்கும் தலா ஐம்பது, ஒவ்வொன்றிலும் 33 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. பெரிய மலை இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பெயர் எழுதி ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வருவதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது, அதை நாம் கெடுக்க வேண்டாம். தேர்வு நடக்கும் பள்ளியிலேயே அதற்கு முன் ஒருநாள் வகுப்பு வையுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து பழகட்டும். பேத்தி படிக்கிற வகுப்பறையில் உட்காரும்போது வருகிற கூச்சம் அன்றைக்கே கழிந்துவிடும்.

தேர்ச்சி பெற்றவருக்கு வங்கிச் சலான் நிரப்ப வருமா என்றால், பலருக்கு வராது. அதனால் தேர்வுக்கு மறுநாளும் வகுப்பு உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மேலே யாருக்கும் தெரிவிக்க வேண்டியதில்லை.

கேள்வி: பயிற்சி முடிந்ததோடு சரி. அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு என் வேலையில் தேர வேண்டும் என்று ஆசை. யாரிடம் போவது? (தன்னார்வலர், பெரம்பலூர்)

இந்த வாரக் கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான் தங்கச்சி. பக்கத்து ஊர்த் தன்னார்வலரிடம் போ.

மேலிருந்து வரும் பயிற்சிக்குக் காத்திருந்தால் அடுத்த நிதியாண்டு வந்துவிடும். சுற்றுப்பக்கம் நாலைந்து ஊரில் உன்னைப் போல் பாடம் நடத்துகிறவர்கள் இருப்பார்கள். மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடுங்கள். பதிவேடு கையெழுத்துக்கு வட்டாரத்துக்குப் போகும் நாளாக இருந்தால் தனிச் செலவில்லை. ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: 'நான் எப்படி நடத்தினேன்' என்று யாரும் பேசக் கூடாது. பேசத் தொடங்கினால் எல்லாருமே அற்புதமாக நடத்தியிருப்பார்கள். பதிலாக, ஒருவர் தன் வகுப்பில் ஒரே ஒரு கற்பவரின் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்தையே எல்லாரும் பார்க்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் வந்த ஒரு பக்கத்தைச் சொல்கிறேன். 'அமமா', 'பாடடி', 'படடா' என்று பக்கம் முழுக்க. புள்ளியே இல்லை. முதலில் எல்லாரும் 'கவனக்குறைவு' என்றார்கள். ஒரு தம்பி, 'இல்லைங்க, மத்ததெல்லாம் அச்சு மாதிரி எழுதியிருக்காங்க, புள்ளியை மட்டும் எப்படி மறப்பாங்க' என்றான். அதற்கப்புறம்தான் பேச்சு சூடு பிடித்தது. அவருக்குப் புள்ளி ஓர் அலங்காரமாகத் தெரிகிறது, ஒலியை மாற்றுகிற ஒன்றாகத் தெரியவில்லை என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்காமல்தானே எழுதினார்கள் என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அவர்களுக்கு மொழி ஓட்டம் தெரியும், இடம் பார்த்து வாசித்துக்கொள்வார்கள். நம் அப்பத்தாவும் தான் எழுதியதைத் தானே வாசிக்கும்போது சரியாகத்தான் வாசிக்கிறார். இடறுவது பிறர் எழுதியதில். ஆக, புள்ளி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு சொல் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்: பாடு, பாட்டு, படி, பட்டி, மாடு, மாட்டு. வாசித்துக் காட்டும்போது புள்ளி வருகிற இடத்தில் தொடையில் ஒரு தட்டு. அடுத்த மாதம் அதே அம்மாவின் நோட்டில் பாதி இடத்தில் புள்ளி வந்திருந்தது, சில இடங்களில் தேவையில்லாத எழுத்துக்கும் சேர்த்து. அந்தத் தேவையில்லாத புள்ளியைப் பார்த்துத்தான் எங்களுக்கு அதிகச் சந்தோஷம். யோசித்து வைக்கிறார் என்று அர்த்தம்.

இப்படி ஒரு பக்கத்தை அரை மணி நேரம் பார்ப்பதில் கிடைப்பது எந்த அரங்கத்துப் பயிற்சியிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கூடவே, வருடத்தில் ஓரிரு முறை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் போய்ப் பின்னால் உட்காருங்கள். பாடம் சொல்பவரைப் பார்க்கப் போகாதீர்கள், கற்பவர்களின் கையையும் கண்ணையும் பாருங்கள். போவதற்கு முன் அந்த ஊர்ப் பெண்களிடம் 'சோதனை பண்ண வரலை, கத்துக்க வந்திருக்கேன்' என்று சொல்லிவிடு. இல்லாவிட்டால் அதிகாரி வந்துவிட்டார் என்று நினைத்துச் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்கள், பாடம் நடக்காது.

கேள்வி: எழுத்துக் கூட்டி வாசிக்க வந்துவிட்டது. இனி எதைக் கொடுப்பது? பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் 'காக்கா நரி கதையெல்லாம் எங்களுக்கு எதுக்கு' என்கிறார்கள். (தன்னார்வலர், தூத்துக்குடி)

கேட்பது சரிதானே. பேரன் பெயர் வைத்த விழா அழைப்பிதழ், ரேஷன் கடைப் பலகை, குழுக் கூட்டத் தீர்மான நோட்டு, மாத்திரை அட்டை, நாளிதழின் பெரிய தலைப்பு, சுவரொட்டி. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியை நிறையப் பேர் ஆசையாக வாசிப்பார்கள், ஊர்ப் பெயரும் உறவுமுறையும் தெரிந்தவையாக இருப்பதால்.

இன்னொன்று, புத்தகத்தை அவர்களிடமே செய்து வாங்குங்கள். ஒருவரை ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். தூத்துக்குடி என்கிறீர்கள், உப்பளத்தில் வேலைக்குப் போன கதை ஒவ்வொருவரிடமும் இருக்கும். சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள், 'போனேன்' என்று திருத்தாமல் 'போனேம்' என்றால் 'போனேம்' என்றே. ஆறேழு வரி போதும். ஏ4 தாளை இரண்டாக மடித்துப் பெரிய எழுத்தில் எழுதி, வகுப்பில் எத்தனை பேரோ அத்தனை நகல் எடுங்கள். தான் சொன்னதே என்பதால் சொன்னவர் தடங்கலில்லாமல் வாசிப்பார். மற்றவர்கள் 'என்ன சொல்லியிருக்கா பார்ப்போம்' என்று வாசிப்பார்கள். கணினியில் அடித்தால் எழுத்தளவு இருபதுக்குக் குறைய வேண்டாம், வரிக்கு நாலு சொல்லுக்கு மேல் வேண்டாம். அட்டையில் சொன்னவர் பெயரைப் போட மறந்துவிடாதீர்கள், முதலெழுத்தோடு.